முத்திருளனின் தார் டிரம்

மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தப் போன நேரம். வீரசோழன் போகிற பஸ்ஸுக்கு எங்கள் இரும்புக்கடை முன்னால் நிறுத்தம் கிடையாது. அன்று நின்றது. கண்டக்டர் கதிரேசன் பின்படியில் நின்றபடி கையை வாயருகே குவித்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, முத்திருளண்ணே காலையில போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுக எந்திரிக்கல. நாலு மணிக்கு எடுக்கிறாக."

விசில் அடித்தார். பஸ் போய்விட்டது. நான் ஒரு கொத்தனாருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். மீதியையும் நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதைத் தப்பாக எடுக்க மாட்டீர்கள். அவரும் எடுத்த வேலையை முடிக்காமல் உட்காருகிற ஆள் இல்லை.

பதினாறாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்கள் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேராவது திருச்சுழி ரோட்டில் அவர் கையால் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். அவருடைய காக்கிச் சட்டையும், காதில் செருகிய பென்சிலும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த முத்திருளனை அவ்வளவாகத் தெரியாது. நான் பதினோரு வருடம் பார்த்தது கொல்லைப்புறத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தார் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்த முத்திருளனை. அவர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் வீடு கேட்டு வந்தார். வேலை அருப்புக்கோட்டை டிப்போவில். அவர் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஒரே மகள் தமிழ்ச்செல்வியை டவுனில் சேர்த்துப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது இருந்த நினைப்பு. தாய் தகப்பன் இருவரும் கூலிக்குக் களை எடுத்தவர்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்தவர் இவர். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒன்பது வீடு பார்த்திருந்தார். ஒன்பது வீட்டிலும் முதலில் ஊரைக் கேட்டார்களாம், அப்புறம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்களாம், அப்புறம் வீடு காலி இல்லை என்றார்களாம். என் அப்பாவும் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். காலி இல்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் முட்டை கூடச் சேர்க்க மாட்டோம். அதனால் அப்பா கடைசிக் கேள்வியாக அதைக் கேட்டார்.

"ஏப்பா, கறி மீனு ஆக்குவியோ?"

"ஆக்குவோம் அய்யா. இல்லன்னு பொய் சொல்லி வீடு வாங்க மாட்டேன்."

"ஆக்கிக்க. நாத்தம் எங்க பக்கம் வரக்கூடாது. வந்த அன்னைக்கு வண்டி பிடிச்சுக்கிரு."

அவர் தலையை ஆட்டினார். அந்த ஒரு பேச்சின் மேல்தான் அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள்.

ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் காக்கை வந்து கெடுத்தது. அவர் மனைவி பாண்டியம்மாள் உப்புக்கண்டம் போடுவதில் பேர் போனவர். ஆட்டுக்கறியை நீளவாக்கில் வார்ந்து, உப்பும் மஞ்சளும் வத்தல் பொடியும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப் போடுவது. விடிவதற்கு முன்னால் டூட்டிக்குப் போகிற மனிதருக்குப் பழைய சோற்றோடு அதில் இரண்டு துண்டு சுட்டுக் கொடுத்துவிட்டால் மதியம் வரை தாங்கும். அன்று மொட்டை மாடியில் என் அம்மா வடகம் பிழிந்து காயவைத்திருந்தார். கீழே கொடியில் உப்புக்கண்டம். ஒரு காக்கை ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்து, சரியாக வடகத் துணியின் நடுவில் போட்டுவிட்டு, வடகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறியெல்லாம் நின்றுவிட்டது. வடகம் முழுவதும் குப்பைக்குப் போனது.

அப்பா கூப்பிட்டுவிட்டார். முத்திருளன் வந்து நின்றார். "இனிமே வெட்டவெளியில காயப் போட மாட்டோம் அய்யா. மூடி வச்சுக் காய வைக்கிறேன்" என்றார். மூடி வைத்து எப்படிக் காயவைப்பது என்று எங்களுக்குப் புரியவில்லை. பத்து நாள் கழித்து, ரோடு போடுகிறவர்களிடம் சொல்லி வைத்து வாங்கிய காலித் தார் டிரம் ஒன்று கைவண்டியில் வந்து இறங்கியது.

முதலில் அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், உள்ளே கருவேல விறகை அடுக்கி இரண்டு நாள் எரித்துத் தாரைப் போக்கினார். அப்புறம் அடியில் ஒரு சின்னக் கதவு வெட்டினார். கதவுக்குக் கீல் எங்கள் கடையில் வாங்கியதுதான். கதவுக்கு உள்ளே கரி போட ஒரு பழைய இரும்புச் சட்டி. அதற்கு மேலே கம்பி வலை. கழுத்துக்குக் கீழே குறுக்கே இரண்டு கம்பி, கறியைத் தொங்கவிட. மூடியில் ஒரு சாண் குழாய், புகை போக. நம் பக்கம் கருவேலங்கரிக்குப் பஞ்சம் இல்லை. கரி கனிந்ததும் ஒரு கைப்பிடி கடலைத் தொலியைத் தூவி மூடிவிட்டால், மழையோ மப்போ, ஒரு பகல் பொழுதில் உப்புக்கண்டம் தயார். காக்கைக்கு வேலை இல்லை. அப்பா வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். "பொகை வரலாம். நாத்தம் வரக்கூடாது."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிரம்மில் வெந்த கறியின் ருசி எனக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது. அதைச் சுத்தம் செய்கிற வேலை மட்டும் எனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். கிணற்றடியில் நான் பல் விளக்குகிற இடத்துக்கும் டிரம்முக்கும் பத்தடிதான்.

புகை போட்டு முடித்ததும், டிரம் ஆறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைத் தீட்டி வைத்திருந்தார். அதைக் கொண்டு உள்சுவரில் வழிந்திருக்கும் கொழுப்பை மேலிருந்து கீழாகச் சுரண்டுவார். வலையை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பார். சாம்பலை ஒரு பொட்டுக்கூட விடாமல் அள்ளிவிடுவார். "சாம்பல் ஈரத்தக் குடிச்சிட்டு இரும்பத் தின்னும் அண்ணாச்சி" என்பார். ஒரு நாள் கேட்டேன், நாளைக்குக் காலையில் செய்தால் என்ன என்று. "சூட்டோட தொடச்சா துணி போதும். ஆறவிட்டா உளி வேணும்." அப்புறம் சொன்னார், "நாத்தம் இன்னைக்குக் கறியில வாரது இல்ல. போன மாசக் கொழுப்புல வாரது. அது இல்லன்னா அய்யா மூக்குக்கு எதுவும் போகாது."

கொழுப்பு போனதும் கடலையெண்ணெய் நனைத்த துணியால் உள்ளே ஒரு துடைப்பு. மறுபடி ரெண்டு கரித்துண்டு போட்டுக் காயவிடுவார். அந்த எண்ணெய் காய்ந்து காய்ந்து டிரம்மின் உட்புறம் கருங்கல் மாதிரி கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. சொட்டுத் தண்ணீர் படவிட மாட்டார். "இதுக்குத் தண்ணி ஆகாது. எண்ணெதான் இதுக்குப் போடுற சட்ட" என்பார்.

புரட்டாசி பிறந்துவிட்டால் மழைக்கான ஏற்பாடு தொடங்கும். டிரம்மை மூன்று செங்கல் மேல் தூக்கி வைப்பார், அடியில் ஈரம் ஏறாமல். குழாய் வாயில் ஒரு சின்ன மண்கலயத்தைக் கவிழ்ப்பார். வெளிப்பக்கம் பழைய எஞ்சின் ஆயில் பூசுவார். அதன் மேல் லாரித் தார்ப்பாய் ஒன்றைப் போர்த்திக் கயிறு கட்டுவார். கட்டும்போது தரையோடு சேர்த்து இறுக்க மாட்டார். ஒரு சாண் இடைவெளி விடுவார். மூச்சு முட்டினால் உள்ளே வேர்க்குமாம். நம் பக்கத்தில் மழை பெய்வதே அபூர்வம். பெய்கிற அந்த நாலு நாளுக்கு இவ்வளவு பாடா என்று கேட்டதற்கு, "பேஞ்சா ஒரு நா போதுமே அண்ணாச்சி, துரு ஏற" என்றார்.

அந்தச் சாம்பல் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியாது. முத்திருளன் சீட்டுக்கு அடியில் ஒரு பால்பவுடர் டின் இருக்குமே, நினைவிருக்கிறதா? பந்தல்குடி விலக்கில் திரும்பும்போது யாராவது வாந்தி எடுத்துவிட்டால், ஒரு வார்த்தை திட்டாமல் அந்த டின்னிலிருந்து சாம்பலை அள்ளித் தூவி, அட்டையால் வழித்து வெளியே போட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல ஆத்தா, சன்னலோரம் உக்காரு" என்பாரே. அது எங்கள் கொல்லைப்புறத்துச் சாம்பல். என் மனைவி ஒரு தரம் குழந்தையோடு அந்த பஸ்ஸில் போய் வந்து இதைச் சொன்னாள். சொன்னவள் கடைசியில், "கறி வெந்த சாம்பலோ என்னமோ, நான் வாயத் தொறக்கல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவர்கள் குடிவந்து இப்படி ஆறு வருடம் ஓடியது. அப்பா மூக்குக்கு ஒன்றும் போகவில்லை. தமிழ்ச்செல்வி பன்னிரண்டாவதுக்கு வந்துவிட்டாள். இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இரும்புக்கடைக்காரனுக்கு ஆயுத பூஜைதான் பெரிய நாள். தீபாவளி கூட அப்புறம்தான். தராசு, படிக்கல், கடப்பாரை, சைக்கிள், கிணற்று உருளை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழுவித் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடாமல் விட மாட்டோம். எங்கள் தொழிலில் பளபளப்புதான் சுத்தம். துருப்பிடித்த தாழ்ப்பாளை எவன் வாங்குவான்? அந்த வருடம் பூஜைக்குப் பாண்டியம்மாளும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். முத்திருளன் ஸ்பெஷல் பஸ் டூட்டியில் இருந்தார். கடைச் சாமான்களை முடித்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தேன். தார்ப்பாய்க்கு அடியில் டிரம் கறுப்பாக நின்றது. ஆறு வருடம் ஒரு பிசகு இல்லாமல் இருக்கிற மனிதருக்கு நாமும் ஒன்று செய்வோமே என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான். அதில் சந்தேகமில்லை.

மண்ணெண்ணெய், கம்பிப் பிரஷ், உப்புத்தாள். காலையில் தொடங்கியவன் மதியம் தாண்டி உள்ளும் வெளியும் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். அப்புறம் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஐந்து வருடக் கறுப்பு வாய்க்காலில் ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது. வெயிலில் காயவிட்டுக் கடையிலிருந்து வெள்ளிப் பெயிண்ட் கொண்டுவந்து இரண்டு பூச்சு அடித்தேன். உள்ளேயும் அடித்தேன். மழை வரப்போகிறதே, துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்றுதான். பெயிண்ட் காய்ந்ததும் அந்தச் சின்னக் கதவில் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன்.

மறுநாள் முத்திருளன் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மூடியை மெதுவாக வைத்தார். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றார். நான் அதை நம்பிவிட்டேன். வார லீவு வந்ததும் ஊருக்குக் கொண்டுபோய்ப் பெயிண்டை எரித்து எடுத்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

லீவு வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை. அவர் டூட்டியில் இருந்தார். ஊரில் கிடா வெட்டிய வீட்டிலிருந்து யாரோ பஸ்ஸில் கறி கொடுத்துவிட்டிருந்தார்கள். மழைக்குள் கறி கெட்டுவிடுமே என்று பாண்டியம்மாள் டிரம்மை மூட்டிவிட்டார். வெள்ளி அடித்தது வெளியே மட்டும்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். கரி கனிந்ததும் உள்ளே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி எரிந்தது. அது வெறும் நாற்றம் இல்லை. தெருவே இருமியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விரதத்தில் பூஜை அறையில் உட்கார்ந்திருந்த அப்பா கண்ணில் நீர் வழியப் பின்வாசலுக்கு வந்தார். முத்திருளன் வருகிற வரை அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முத்திருளன் வந்து பையைக் கூட இறக்கவில்லை.

"பேச்சு என்ன பேச்சு முத்திருளா?"

"நாத்தம் வரக்கூடாதுங்கிறது அய்யா."

"வந்துருச்சுல்ல. தை பொறக்குறதுக்குள்ள வேற வீடு பாத்துக்க."

மகளுக்குப் பரீட்சை பங்குனியில். நடுவில் வீடு மாறுவது என்றால் டவுனில் அவருக்கு யார் கொடுப்பார்கள்? ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்து போய்ப் படித்தால் படித்த மாதிரிதான். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். முத்திருளன் என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு தரம்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "பொம்பள தெரியாம மூட்டிப்புட்டா அய்யா. தப்பு எங்க மேலதான்" என்றார்.

பெயிண்ட் அடித்தது நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. நாற்பது வயது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கடையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா முன்னால் வாய் திறக்கவில்லை. கறி வேகிற டிரம்மைக் கையால் தொட்டுத் தேய்த்தாயா என்று கேட்பாரே என்கிற பயமும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் டிரம் பஸ் கூரையில் ஏறி ஊருக்குப் போனது. மூன்றாம் நாள் அவர் கடைக்கு வந்தார். வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்தார்.

"அப்பாகிட்ட நான் வேணா சொல்லட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

"வேணாம் அண்ணாச்சி. சொன்னா அய்யா உங்களப் பேசுவாக. எங்களால அப்பனும் மகனும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அந்த வீட்டுல நாங்க எப்படி இருக்க?"

"அப்ப என்ன செய்யிறது?"

"ஒண்ணு மட்டும் செய்ங்க. ஒரு நா அய்யாவ டிரம்முகிட்ட வந்து உக்காரச் சொல்லுங்க. நான் மூட்டுறேன். அவுக மூக்கு சொல்லட்டும்."

ஊரில் டிரம்மை விறகுத் தீயில் போட்டுப் பெயிண்டை எரித்து, சுரண்டி, எண்ணெய் தடவிக் காயவைத்து, மறுபடி தடவி, மறுபடி காயவைத்து என்று நாலு லீவு நாளை அதிலேயே கழித்தார். நான் அழித்த கறுப்பை அவர் ஒவ்வொரு பூச்சாகத் திரும்பக் கொண்டுவந்தார். டிரம் திரும்பி வந்ததும் சொன்னேன், "நான் அழுக்குன்னுல்ல நினைச்சேன்" என்று. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கோபம் இல்லை. "அழுக்கு வேற, கறுப்பு வேற அண்ணாச்சி. அழுக்கு நாறும். கறுப்பு காக்கும்" என்றார்.

மார்கழியில் ஒரு நாள் அப்பாவிடம், "ஒரு தரம் பாத்துருங்க" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்தேன். அந்தத் தைரியம் வந்ததே பெரிது. அப்பா டிரம்முக்கு நாலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டார். முத்திருளன் கரியைப் போட்டார், கடலைத் தொலியைத் தூவினார், கறியைத் தொங்கவிட்டு மூடினார். ஒரு மணி நேரம் குழாயில் புகை போனது. பாண்டியம்மாள் கதவு இடுக்கில் நின்றார். தமிழ்ச்செல்வி உள்ளே சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் சத்தமாக. அப்பா துண்டை எடுத்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். எழுந்து டிரம்மைச் சுற்றி வந்து, குழாய்க்குப் பக்கத்திலேயே மூக்கைக் கொண்டுபோனார்.

"கடலை வறுத்த வாடதான வருது" என்றார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்காமல், "பரீச்ச முடியட்டும்" என்றார்.

பரீட்சை முடிந்தது. தமிழ்ச்செல்வி தேறினாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். வீடு காலி செய்வது பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருந்தார்கள். அப்பா காலமானபோது பாடைக்கு மூங்கில் கட்டியவர்களில் முத்திருளனும் ஒருவர். டிரம்முக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. டிரம் முழுவதும் கறுப்பாகத் திரும்பி வந்தது, அந்தச் சின்னக் கதவைத் தவிர. அதன் வெளிப்பக்கம் வெள்ளிப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அவ்வளவு பாடுபட்டு எல்லாவற்றையும் எரித்தவருக்கு ஒரு சாண் கதவை எரிக்க எவ்வளவு நேரமாகும்? நான் வாயைத் திறக்காததற்குச் சாட்சியாக அதை விட்டு வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பல் விளக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். திரும்பி நின்று பல் விளக்கினேன். ஒரு நாளும் அவரிடம் கேட்கவில்லை. ஊரில் சொந்தமாக வீடு கட்டி அவர்கள் போனபோது டிரம்மும் போனது. உள்ளதைச் சொன்னால், அது போனதில் எனக்கு ஒரு நிம்மதி கூட இருந்தது.

அவர் இறந்த அன்று நாலு மணிக்குள் அவர் ஊருக்குப் போய்விட்டேன். கூட்டம் அதிகம். டிரைவர், கண்டக்டர், பள்ளிக்கூடத்து டீச்சர்கள். தமிழ்ச்செல்வி இப்போது பக்கத்து ஊரில் டீச்சர். எடுத்துக்கொண்டு போய், முடித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தபோது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் மண்வாடை. கைகால் கழுவ வீட்டுக்குப் பின்னால் போனேன். டிரம் நின்றது. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயைத் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார எடுத்து விரித்திருக்கிறார்கள். குழாய் மேல் கலயம் இல்லை. அதையும் யாரோ தண்ணீர் மொள்ள எடுத்திருக்க வேண்டும். மூடி திறந்து கிடந்தது. சட்டியில் சாம்பல் இருந்தது. அவர் சாம்பலை வைத்துவிட்டுப் போனது அது ஒரு தரம்தான்.

முதல் சொட்டு என் கையில் விழுந்தது. நான் டிரம்மிடம் போகவில்லை. வீட்டுக்குள் போனேன். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாளிடம் குனிந்து கேட்டேன். "மழை வருது. டிரம்மத் தொடச்சு மூடி வைக்கட்டுமா? தொடலாமா?"

அவர் அழுத கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா?" என்றார். பிறகு, "தொடுங்க அண்ணாச்சி. பெயிண்ட் மட்டும் வேணாம்" என்றார். அந்தத் துக்கத்திலும் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

சாம்பலை அள்ளினேன். லாரிப் பட்டை அதன் இடத்தில், சுவர் ஆணியில் தொங்கியது. மேலிருந்து கீழாகச் சுரண்டினேன். எண்ணெய்த் துணியும் அங்கேயே ஒரு கொட்டாங்குச்சியில் இருந்தது. பார்த்துப் பார்த்தே கை பழகியிருந்தது போல. கதவை மூடும்போது வெள்ளிப் பெயிண்ட் மங்கிப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. பாண்டியம்மாள் கலயத்தோடு பின்வாசலுக்கு வந்திருந்தார். இத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன். "இத மட்டும் ஏன் எரிக்கல?"

"நானும் கேட்டேன். அதுல நீங்க பொட்டு வச்சிருந்தீகளாம்ல. மனசோட வச்ச பொட்டு, அத நெருப்புல போடக் கூடாதுன்னுட்டாக. கதவக் கழட்டி வச்சிட்டுத்தான் டிரம்ம எரிச்சாக."

நான் கலயத்தை வாங்கிக் குழாயில் கவிழ்த்தேன். கூட்டம் கலைந்திருந்ததால் தார்ப்பாய் கிடைத்தது. போர்த்தி, கயிறு கட்டி, கீழே ஒரு சாண் விட்டேன். கட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நல்லவேளை, மழையில் முகம் நனைந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இதுதான். எனக்குச் சொந்தமில்லாத பொருளைத் தொடுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் கேட்கிறேன், ஆயுத பூஜை அன்று கூட. அப்புறம், அப்பாவிடம் சொல்லாததை அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்லிவிட்டேன். முத்திருளன் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வீரசோழனிலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஏறினேன். மத்தியானம் கடை முன்னால் நிறுத்திய அதே கதிரேசன்தான் கண்டக்டர். டிக்கெட்டுக்குக் கையை நீட்டினேன். கிணற்றடியில் மூன்று தரம் கழுவியும் டிரம்மில் ஒட்டியது நகக்கண்ணிலும் ரேகையிலும் அப்பியிருந்தது. கதிரேசன் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கையெல்லாம் ஒரே அழுக்கா இருக்கு?"

"அழுக்கு இல்லப்பா" என்றேன். "கறுப்பு."